அவசரத்துக்கு அழைக்க

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு அடுத்த வாரம், திருவண்ணாமலைச் சாலையை ஒட்டிய புது மனைப்பிரிவு ஒன்றில், துரைக்கண்ணுவின் வீட்டு மாடியில் சோலார் ஆய்வு நடந்தது.

"ஏறுங்க மேடம், ஏறுங்க! உள்ள எடம் காலியாத்தான் இருக்குது."

துரைக்கண்ணு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் இடையில் ஓடும் வண்டியில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இன்னும் அடங்கவில்லை. மின் அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஜெயசுதா சிரிக்காமல் படியேறினாள். அவள் இன்னும் சில வீடுகளைப் பார்த்தாக வேண்டும்.

"சோலார் கம்பெனிக்காரன் மாசா மாசம் ஆளு அனுப்பித் தகட்டத் தொடச்சுக் குடுப்பேன்னான். அதுக்காவத்தான் போட்டேன். மாட்டிட்டுப் போனவன், அதுக்கப்புறம் ஒருத்தனும் எட்டிப் பாக்கல. காபி சாப்புடறீங்களா?"

"வேணாங்க ஐயா."

"டீ?"

"வேலைய முடிச்சிடறேன்."

எர்த் குழி, இடிதாங்கி, கேபிள் போகும் குழாய், தகடுகளிலிருந்து வரும் கரண்டை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர் நிழல்போலப் பின்னாலேயே வந்தார். கீழே இறங்கி மீட்டர் பெட்டியின் முன் நின்றார்கள்.

"எல்லாம் நல்லா பண்ணியிருக்காங்க."

"அப்ப ரைட்டு, போலாமா?"

"ஒண்ணு பாக்கி இருக்கு." மீட்டர் பெட்டிக்கு அருகில் இருந்த மஞ்சள் பலகையை அவள் காட்டினாள். 'எச்சரிக்கை, இருவழி மின்சாரம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'அவசரத்துக்கு அழைக்க' என்ற எழுத்துகளும் ஒரு வெற்றிடமும். "இங்க ஒரு பேரும் போன் நம்பரும் வேணும். இல்லாம கனெக்‌ஷன் குடுக்க முடியாது."

"என் நம்பரப் போட்டுக்குங்க."

"உங்களுக்கே எதாவது ஆயிட்டா? மெயின ஆஃப் பண்ணாலும் வெயில் இருக்கிற வரைக்கும் மேல தகட்டுல கரண்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கும். தீப்பிடிச்சா, அணைக்க வர்றவங்களுக்கு எந்த சுவிட்ச் எங்க இருக்குன்னு சொல்ல இன்னொரு ஆளு வேணும். பக்கத்து வீட்டுல யாரு?"

"பூட்டு. அவங்க மெட்ராஸ்ல இருக்காங்க. இந்தாண்ட வீடே இல்ல, மனைக் கல்லுதான்."

"பிள்ளைங்க?"

"ஒருத்தன் இருக்கான்." கொடியில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடியும் அதே இடத்தில் போட்டார். "நம்பர மாத்திட்டான்."

ஜெயசுதா பேனாவை மூடினாள். "இன்னைக்கு விட்டா உங்க முறை தீபாவளிக்கு அப்புறம்தான் வரும் ஐயா. அதுவரைக்கும் தகடு சும்மாதான் காயும்."

"இருங்க, இருங்க. விசில் குடுத்துடாதீங்க. ஒரு ஆளு இருக்குது."

"நல்லா தெரிஞ்சவங்களா?"

"இன்னா மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! தகடு மாட்டுனதுலேர்ந்து வாரா வாரம் போன் பண்ணுது. ஒரு வாரம் தவறினதில்ல. ஈரக் கையோட சுவிட்சத் தொடாதீங்க, மழ பேயறப்ப மாடிக்குப் போவாதீங்கன்னு அவ்ளோ அக்கறையா சொல்லும். பெத்த பொண்ணுகூட அப்படிச் சொல்லாது."

தன் அப்பாவிடம் அப்படி எதையும் சொன்னதாக ஜெயசுதாவுக்கு நினைவில்லை. பேனாவைத் திறந்தாள்.

"பேரு?"

"பாப்பான்னு போடுங்க. நான் அப்படித்தான் கூப்புடறது."

"செஞ்சியிலதான் இருக்காங்களா?"

"ஆபீஸ் வேலைக்குப் போவுது. பின்னாடி மியூசிக் கேக்கும், பெரிய ஆபீஸா இருக்கும். வேல ஜாஸ்தி போல. நாம ஒரு வார்த்த பேசறதுக்குள்ள வச்சிடும்." அவர் குலுங்கிச் சிரித்தார். "ஒரு பஸ்சு ஜனத்தையே பேச விடாத ஆளு மேடம் நானு. என்னையே பேச விடாதுன்னா பாத்துக்குங்க!"

"நம்பர் சொல்லுங்க."

போனை எடுத்துப் பார்க்காமலே, ஸ்டாப்பிங் பெயர்களை வரிசையாகக் கூவுகிறவர்போல எண்ணைச் சொல்லி முடித்தார். ஜெயசுதா அதைத் தன் போனில் அழுத்தினாள்.

"இப்பவா போடறீங்க?"

"எழுதறதுக்கு முன்னாடி பேசிப் பாத்துடணும். ஒரு வீட்டுல தப்பு நம்பர் குடுத்துட்டாங்க."

துரைக்கண்ணு அவசரமாகச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். "நானா ஒருதரம்கூடப் போட்டதில்ல. வேல நேரத்துல தொந்தரவா இருக்குமேன்னு விட்டுடுவேன். எடுத்தா, நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க மேடம். அதச் சொல்றதுக்குள்ள வச்சிடுது."

மணி அடித்தது. எடுத்தார்கள். அவள் காதில் முதலில் மியூசிக் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசியது.

"வணக்கம். இது உங்கள் சோலார் நிறுவனத்தின் பாதுகாப்பு அறிவிப்பு. ஈரக் கையுடன் சுவிட்சைத் தொடாதீர்கள். மழை பெய்யும்போது மாடிக்குச் செல்லாதீர்கள். இந்த அறிவிப்பை மீண்டும் கேட்க, எண் ஒன்றை அழுத்தவும்."

"சொல்லிட்டீங்களா மேடம்?" என்றார் துரைக்கண்ணு.

அன்று அந்த வீட்டுக்கு இணைப்பு வழங்கப்படவில்லை.