சோப்பு டப்பாவில் ஓர் எலி

"இதை நீயேதான் செஞ்சியா?"

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளரின் குரலில் சந்தேகம் வழிந்தது. மேசைமேல் கிடந்தது எதிரே நின்ற மாணவியின் இறுதியாண்டு புராஜெக்ட். சோப்பு டப்பாவுக்குள் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப், மேலே தீப்பெட்டி அளவுக்குத் திரை, பழைய ரிமோட்டிலிருந்து பிய்த்த பட்டன்கள். கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம். பூனைக்குப் பயந்து ஓர் எலி ஓடும்.

"சத்தியமா நானேதான் சார்."

இன்றைக்குத் தேறினால்தான் கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலை அவளுக்கு நிலைக்கும். வகுப்பில் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் புராஜெக்டை ரெடிமேடாகவே வாங்கிவிட்டார்கள். தன்னையும் அந்தக் கும்பலில் சேர்த்துவிடுவாரோ என்பதுதான் பயம்.

அவளுக்கு முன்னால் வந்த 'கொட்டாவி'யும் அங்கே வாங்கியவன்தான். எந்த வகுப்பிலும் கண் திறந்திராததால் வந்த பட்டப்பெயர் அது. பளபளவென்றிருந்த அவன் கருவியைத் தேர்வாளர் ஆன்கூடச் செய்யவில்லை. தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"இதுல சிப் எதுப்பா?"

"கறுப்பா ஒண்ணு இருக்குமே, அதான் சார்."

"வெரிகுட்!" தொண்ணூற்றைந்து மார்க். அடுத்த கொட்டாவிக்குள் ஆள் வெளியே போயாயிற்று.

இவள் டப்பாவை மட்டும் அவர் மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வாங்கின? பயப்படாம சொல்லும்மா."

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வாங்கல சார்! முதல்ல, பட்டனை ஒரு தடவை அமுக்கினா எலி ரெண்டு தடவை குதிச்சுது. ஒரு அமுக்கலுக்கு அப்புறம் இருபது மில்லிசெகண்டு எதையும் கண்டுக்காதேன்னு புரோகிராம்ல எழுதினேன். சரியாப் போச்சு."

தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார். சர்க்யூட் வரையச் சொன்னார், பார்க்காமலே வரைந்தாள். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்றார், கணக்குப் போட்டே காட்டினாள். அவள் சரியாகச் சொல்லச் சொல்ல அந்த மனிதரின் முகம் கடுகடுவென்று ஆகிக்கொண்டே போனது.

கடைசியில் சால்டரிங் அயர்ன் சுட்ட விரல்களையே நீட்டிவிட்டாள். "பாருங்க சார், ஆறு கொப்புளம்!"

அவர் பேனாவை மூடினார். "ஃபெயில். அடுத்த வருஷம் வா."

"ஐயோ, ஏன் சார்? என் வேலை போயிடும் சார்! கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேனே, எதுல குறை?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்வாளர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். சோப்பு டப்பாவைக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தை விரலால் தட்டினார்.

"நம்ம கடை ஸ்டிக்கரைக் காணோமேம்மா!"