பத்தாவது கம்ப்யூட்டர்

“ரெண்டு கையையும் காமிராவுக்கு முன்னாடி நீட்டும்மா. அப்புறம் லேப்டாப்பைத் தூக்கி ரூம் முழுக்க ஒரு சுத்து சுத்திக் காட்டு” என்றார் கணக்கு சார்.

அவ்வளவுதான். ரூம் கிடந்த கோலத்தில் அதை எங்கே காட்டுவது? ஜெராக்ஸ் அப்படியே உறைந்து போனாள்.

வலது கை அந்தரத்தில். வாய் ‘ஆ’வென்று பாதி திறந்தபடி. ஒரு கண் முழுசாக, ஒரு கண் அரையாக. மூச்சைக்கூடத் தவணை முறையில்தான் விட்டாள். பார்க்கிறவர்கள், நெட் நின்றுவிட்டது என்று சத்தியமே செய்வார்கள்.

யார் குரலையும் அச்சு அசலாகப் பேசிக் காட்டுவதால் வகுப்பு வைத்த பெயர் ஜெராக்ஸ். ஆனால் அவளுடைய மாஸ்டர்பீஸ் இந்த உறைதல்தான். விடை தெரியாவிட்டால் உறைவாள். வீட்டுப்பாடம் கேட்டால் உறைவாள். இந்த மாதத்தில் மட்டும் நாலு தடவை. ஒரு தடவை தலைமை ஆசிரியையே வந்து, “அடடா, குழந்தைக்கு நெட் கிடைக்கலையே” என்று உருகினார். அவர் போனதும் அதே குரலில், அதே உருக்கத்தோடு பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கினாள்.

நாளை மறுநாள் வீட்டிலிருந்தே ஆன்லைன் தேர்வு. இன்று அதற்கு ஒத்திகை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, காமிராவை எங்கே வைப்பது, நடுவில் எழுந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் சார் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“லைன் அஞ்சு நிமிஷம் போச்சுன்னா பேப்பர் தானா மூடிக்கும்மா. அப்புறம் யார் வந்தாலும் திறக்க முடியாது. அடுத்த வருஷம்தான்” என்று அவர் எச்சரித்ததை, அவர் குரலிலேயே பேசிப் பதிவு செய்து ஏற்கெனவே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாகிவிட்டது.

“ஹலோ... கேக்குதாம்மா? ஹலோ?” சார் திரையை விரலால் தட்டிப் பார்த்தார்.

மூக்கு நுனியில் அரித்தது. ஜெராக்ஸ் அசையவில்லை. இப்போது திட்டுவார். திட்டட்டும், பிறகு பேசிக் காட்ட ஒரு வார்த்தை விடாமல் பிடித்துக்கொள்ளலாம்.

சார் திட்டவில்லை.

“பாவம், இதுக்கு மறுபடியும் நின்னுடுச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை எடுத்தார்.

“ஆபீஸா? ஸ்கூல்ல வந்து எழுதறவங்க லிஸ்ட்ல, பத்தாவது கம்ப்யூட்டரை நான் சொன்ன பொண்ணுக்கே உறுதி பண்ணிடுங்க... ஆமாங்க, இப்பவும் நின்னுடுச்சு, கண்ணால பார்த்துட்டுதானே பேசறேன்... பத்துதான் இருக்குன்னு தெரியும்... யாரு, மாடிப்படியில உட்கார்ந்து படிக்குதே, அதுவா? அது வீட்டிலேயே எழுதிக்குதாம்.”

அது யாரென்று ஜெராக்ஸுக்கு உடனே புரிந்தது.

வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது என்று, குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்துதான் அந்தப் பெண் வகுப்புக்கு வருவாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவளைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். அப்படியும் குரல் விட்டு விட்டுத்தான் வரும். “சா... கே... தா... ர்” என்று ஜெராக்ஸ் அதைப் பேசிக் காட்டினால், குரூப்பில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டும்.

மாடிப்படியில் அஞ்சு நிமிஷம் என்ன, அரை மணி நேரம்கூட லைன் போகும்.

பேசாமல் உறைந்தே இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

ஜெராக்ஸ் கையை இறக்கினாள்.

“அட, வந்துட்டியா! கேக்குதாம்மா?”

“கேக்குது சார். இப்ப சூப்பரா இருக்கு. நான் வீட்லயே எழுதிக்கறேன் சார். அந்தக் கம்ப்யூட்டரை வேற யாருக்காவது...”

“வேணாம்மா. உன் லைனை நம்பி ஒரு வருஷத்தைப் பணயம் வைக்க முடியாது. நாலு தடவை நானே பார்த்திருக்கேனே.”

“இனிமே நிக்காது சார்.”

“அது உன் கையிலயா இருக்கு?”

கேலி இல்லை. நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் சுருக்கென்றது. ஊரார் குரலெல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வரும் தொண்டையிலிருந்து, இந்தத் தடவை சொந்தக் குரல் வந்தது.

“என் கையிலதான் சார் இருக்கு. லைன் ஒரு தடவைகூட நிக்கலை. நான்தான்... சும்மா அசையாம இருந்தேன்.”

சார் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய லைன் போயிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஏங்கினாள். போகவில்லை.

“நாலு தடவையும்?”

“நாலும் நடிப்பு சார். இதோட அஞ்சு. என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. வீட்ல சொல்லுங்க. அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் மாடிப்படி... அந்தப் பொண்ணுக்குக் கொடுத்துடுங்க சார். நிஜமா வேணுங்கறது அவளுக்குத்தான்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“போன வாரமே அவ பேரைத்தாம்மா எழுதி வெச்சேன். நேத்து நேர்ல வந்து, வேணாம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போயிட்டா.”

“ஏன் சார்?”

“‘என் குரலாவது விட்டு விட்டுக் கேக்குது சார். அவளுக்குப் பாவம், முகமே நின்னுடுது. அவ வந்து எழுதட்டும்’னு சொன்னாம்மா.”