அசையாமல் படுத்திருந்தவர்

"தலையை அசைக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. அசைஞ்சா முதல்லேருந்து எடுக்கணும்," என்று அவளுடைய கணவரை ஸ்கேன் குழாய்க்குள் அனுப்பிவிட்டு டெக்னீஷியன் வெளியே வந்தார். "சார் ரொம்பப் பயப்படறார். மெஷின் சத்தம் நிக்கிறப்பல்லாம் மைக்ல நாலு வார்த்தை பேசுங்கம்மா."

அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயெடுத்தாலே "நிறுத்து" என்று கையைத் தூக்கும் மனுஷன், பெட்டிப்பாம்பாகக் கிடந்தார்.

மைக்கைப் பிடித்தாள்.

"என்னங்க, கேக்குதா? என் சமையலை நாய்கூடத் திங்காதுன்னு உங்க அக்கா முன்னாடி சொன்னீங்களே, அன்னைக்கு மூணாவது தடவை சோறு கேட்டது எந்த நாய்?"

உள்ளே கால் கட்டைவிரல் துடித்தது.

"எங்கப்பா செத்த அன்னைக்கு, அழுதது போதும், காபி போடுன்னீங்க. அதுல நான் போட்டது உப்பு. அதுகூடத் தெரியாம குடிச்சீங்க. அசையாதீங்க, இன்னும் இருக்கு."

ஸ்கேன் முடிந்து கணவர் வெளியே வந்தார். டாக்டர் உற்சாகமாக வந்தார்.

"படம் பிரமாதம் சார்! வயசானவங்களுக்கு மனச்சோர்வு வந்தா மூளையில சில பகுதி சுருங்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயசுல நல்லா இருக்கிறவர் படம் வேணும்னுதான் உங்களை எடுத்தோம். இப்ப பேஷண்டைப் படம் எடுத்துடலாம். அம்மா, நீங்க வந்து படுங்க. மாசக்கணக்கா யாரோடயும் பேசறதில்லையாமே?"

அவள் மைக்கை விடவில்லை.

"எனக்கு இப்ப எவ்வளவோ தேவலை டாக்டர். இவரையே மறுபடி எடுங்க. கால் விரல் அசைஞ்சுது, நானே பார்த்தேன்."