ஏலத்துக்கு வந்த ரொட்டி

பாக்கியசீலன் வாத்தியார் மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வெள்ளைத் துணியை விலக்கி ரொட்டியை எடுத்தார்.

பாளையங்கோட்டையில் அந்தச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலம் வருஷா வருஷம் அவர் கையில்தான். தொண்ணூற்று மூன்றிலும் அப்படியே. காணிக்கையாக வந்த பூசணிக்காயைச் செயலாளரின் தொப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சேவலைப் பாடகர் குழுவில் சேர்க்கலாம் என்பார். ஜனங்கள் சிரிப்பார்கள், சிரித்த வாயோடு விலையையும் ஏற்றுவார்கள்.

ரொட்டி யாருடையது என்று அவருக்குத் தெரியும். அவர் மனைவி லில்லி விடியற்காலையில் எழுந்து சுட்டது.

போன வருஷம் வாத்தியார் வயிற்றுப் புண் முற்றி ரத்தமாக வாந்தி எடுத்தார். ஓட்டல் புரோட்டா, டீக்கடை பன் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்ன டாக்டர், ரொட்டியும் பாலும் கொடுக்கச் சொன்னார். பேக்கரி ரொட்டி நெஞ்சைக் கரித்தது.

அதில் என்ன எழவைப் போடுகிறார்களோ என்று லில்லி தானே இறங்கிவிட்டாள். கோதுமையைக் கழுவிக் காயவைத்து மில்லில் திரித்தாள். அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி, மூடிமேல் கங்கு போட்டுச் சுட்டாள்.

முதலில் வந்தவை நிஜமாகவே கல்தான். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தார். போகப்போக ரொட்டி மிருதுவானது. அவர் சொல்லும் கதை மட்டும் மாறவில்லை.

ஒரு நாள் விடாமல் தின்றார். ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

இன்றைக்கு எப்படியாவது நல்ல விலைக்குத் தள்ளிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். நாலு பேர் முன்னால் அவள் ரொட்டி போட்டி போட்டு விற்றால், சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

கையில் எடுத்தபோது இன்னும் இளஞ்சூடாக இருந்தது. விரல் அமுங்கியது. ஆனால் நக்கல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டதே!

“இதை வாங்கிட்டுப் போனா வீட்டுக்கு அம்மிக்கல்லு வேண்டாம் வே. கடிச்சுப் பல்லு போனா சபை பொறுப்பில்ல!”

பந்தலே அதிர்ந்தது. முன்வரிசையில் அவரிடம் படிக்கிற மெர்வின் கண்ணீர் வரச் சிரித்தான்.

சிரிப்பு அடங்கியது. ஒருவரும் விலை கேட்கவில்லை.

இன்னொரு நக்கல் அடித்தார். அதற்குச் சிரிப்புகூட வரவில்லை. ரொட்டி என்றாலே காய்ச்சல்காரன் தின்கிற பண்டம், அதுவும் கல்லாம், யார் வாங்குவார்கள்?

அவருக்குத் தானே கேட்டுவிடலாமா என்று தோன்றியது. ஏலம் விடுகிறவர் ஏலம் கேட்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்ததே அவர்தான்.

“அம்பது ரூவா.” பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் மெலிதாக வந்தது.

அப்பாடா என்றிருந்தது. யாரென்று பார்க்கக்கூடத் தோன்றாமல், “ஒரு தரம்! ரெண்டு தரம்!” என்று கூவிவிட்டுத்தான் திரும்பினார்.

லில்லி நின்றுகொண்டிருந்தாள்.

காணிக்கை வைத்தவரே அதைத் திரும்ப ஏலம் எடுப்பது அந்தச் சபையில் வழக்கமில்லை. பந்தலில் எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

மேஜையருகே இருந்த போதகரின் மனைவி எட்டி அவர் காதருகே சொன்னார்: “சார், அது லில்லியோட பொருத்தனை. ஒங்க வயிறு சொகமானா தன் கையால ரொட்டி சுட்டுப் பண்டிகைக்கு வைக்கேன்னு ஆண்டவர்ட்ட நேந்திருந்தா.”

மூன்றாம் தரம் அவருக்கு வாயில் வரவில்லை. சபையையே சிரிக்க வைக்கிற வாய். நல்லா இருக்கு லில்லி என்று சொல்ல அதற்கு ஒரு வருஷம் போதவில்லை.

அவள் நடந்து வந்தாள். ரொட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, துணியால் பைய மூடினாள். அவரைப் பார்க்கவில்லை.

“மூணு தரம்னு சொல்லிருங்க,” என்றாள், மைக்கில் விழாத குரலில். “எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ.”