பதிமூன்றாவது ரசிகர்

“இன்னிக்கு லெட்டரைக் கொடுத்துடப் போறேன்” என்றான் லிஃப்ட் மெக்கானிக், ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் செருகியபடி.

மனைவி டிபன் டப்பாவை மூடினாள். “பன்னெண்டு பேர் பாராட்டினதை நம்பி வேலையை விடணுமாங்க?”

“பன்னெண்டும் முத்து! அடுத்தது முழுநேரப் பாட்டுதான்.”

அவனே எழுதி, மெட்டுப் போட்டு, கிடார் வாசித்து, எதிரொலி நன்றாக வருகிறதென்று குளியலறையில் உட்கார்ந்து பதிவு செய்த ஆல்பம் ‘எட்டாவது மாடி’. இணையத்தில் ஏற்றி மூன்று வாரம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. நான்காவது வாரம் பாராட்டு மழை. அந்தத் தெம்பில் ஒரு புத்தகக்கடையில் கச்சேரிகூடச் செய்துவிட்டான்.

இன்னொரு தடவை படித்து மனம் குளிரலாமென்று கைப்பேசியைத் திறந்தவன் முகம் சுருங்கியது.

“பதிமூணாவதா எவனோ வந்திருக்கான்.”

“என்னவாம்?”

“‘ஐந்தாவது பாட்டில் குழாய் சொட்டுகிறது. புத்தகக்கடைக் கச்சேரியில் பாடிய நேரத்தைவிடச் சுருதி கூட்டிய நேரம் அதிகம். குரலில் உயிர் இறுக்கிறது; பயிற்சி போதாது. வேலையை விடாமல் பாடினால் நல்லது.’ எப்படி இருக்கு பாரு!”

“நியாயமாத்தானே சொல்றாரு?”

“நியாயமா? வயித்தெரிச்சல்! ‘இறுக்கிறது’ன்னு பெரிய று போட்டிருக்கான். எழுதவே தெரியாதவன் என்னை எடை போட வந்துட்டான்!”

அவள் சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நறுக்கென்று ஒரு பதில் கொடுக்க உட்கார்ந்தான். எதிரே ஃபிரிட்ஜ் கதவில் நேற்று அவள் ஒட்டிவிட்டுப் போன சீட்டு: ‘சாவி பூந்தொட்டிக்குக் கீழே இறுக்கு.’

ஒன்பது வருஷமாக அவன் கிண்டல் செய்கிற அதே பெரிய று. வழக்கம்போல் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது.

பன்னிரண்டு பாராட்டுகளையும் முதல் தடவையாக எழுத்தெழுத்தாகப் படித்தான். ‘அறுமை.’ ‘மிக அறுமை.’ ‘இனிமையாக இறுந்தது.’ பெயர்தான் பன்னிரண்டு, று ஒன்றுதான். ஐம்பது தடவை படித்திருக்கிறான், ஒரு பிழைகூடக் கண்ணில் பட்டதில்லை.

கடிதத்தை நான்காகக் கிழித்தான். வெட்கமாக இருந்தது.

“கிளம்பலையா?” அடுக்களையிலிருந்து வந்த குரல் லேசாக நடுங்கியது.

“அந்தப் பதிமூணாவது ரசிகருக்குப் பதில் போட்டுட்டுக் கிளம்பறேன்.”

“திட்டாதீங்க, பாவம்!”

“திட்டல. ‘வேலையை விடல. குழாயைச் சரி பண்ணிடறேன். அடுத்த ஆல்பத்துக்கும் முதல் விமர்சனம் நீங்கதான் எழுதணும். தயவுசெஞ்சு சின்ன ரு போடுங்க’ன்னு எழுதியிருக்கேன். இதோ, அனுப்பிட்டேன்.”

அடுக்களையில் அவள் கைப்பேசி ‘டிங்’ என்றது.