ஸ்கூட்டி தள்ளிய குற்றம்

பெற்றோல் முடிந்த ஸ்கூட்டியை ஒருவழிப் பாதையில் தள்ளிக்கொண்டு போன மெலனிக்கு, எதிர்த்திசையில் வாகனம் ஓட்டினாள் என்று வழக்கு.

தபாற்கந்தோரில் தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு, விட்டது சனி என்று போயிருக்கலாம். மெலனி கட்டவில்லை; நீதிமன்றத்துக்கே வந்துவிட்டாள். செய்யாத குற்றத்துக்கு அவள் ஏன் கட்டவேண்டும்?

அதோடு, நீதிமன்றம் அவளுக்குப் புகுந்த வீடு மாதிரி. இரண்டு வருடமாக இதே கட்டிடத்தின் பின்னறையில் தூசி தின்று, பழைய போக்குவரத்து வழக்குகளைப் படித்து ஆய்வு எழுதியவள். அந்த ஆய்வை இன்றைக்குப் பதினொரு மணிக்கு ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில், கொழும்பிலிருந்து வரும் பெரியவர்களுக்கு முன்னால் வாசிக்கவேண்டும். வாசித்தால்தான் வேலை நிரந்தரம்.

பத்து மணி தாண்டியும் அவள் பெயரைக் கூப்பிடவில்லை.

அவள் உட்கார்ந்திருந்த வாங்கில் பக்கத்தில் நிலாவெளி மீன் வியாபாரி கலீலுர் றஹ்மான். சைகை விளக்குப் போடாமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார் என்று அவருக்கு வழக்கு. அந்த நேரம் அவர் றோட்டோரம் நின்று ஒரு பெண்ணுக்குச் சூரை மீன் நிறுத்துக்கொண்டிருந்தாராம். அதற்கென்ன, குற்றவாளி என்று சொல்லிக் காசைக் கட்டிவிட்டு ஓடவேண்டியதுதான், வெளியே பெட்டியில் ஐஸ் கரைகிறது என்றார்.

மெலனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாததைச் செய்தேன் என்பது பொய்ச்சாட்சி என்றாள். உண்மையைச் சொல்ல என்ன பயம், பதினொரு மணிக்கு ஆய்வு வாசிக்கவேண்டிய நானே காத்திருக்கவில்லையா என்றாள். பூசையில் பங்குத்தந்தைகூட அவ்வளவு நேரம் பிரசங்கம் வைத்திருக்க மாட்டார். மனிதர் தாடியைத் தடவித் தடவிக் கேட்டார்.

அவர் பெயர்தான் முதலில் வந்தது. கூண்டில் ஏறி, தான் சுற்றவாளி, ஒரு குற்றமும் செய்யவில்லை என்று சத்தமாகச் சொன்னார். மெலனிக்குப் புல்லரித்தது.

விசாரணைக்கு மூன்று மாதம் தள்ளித் தவணை போட்டார்கள். பிணைப் பத்திரம் எழுதுகிறவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார், அதுவரை போக ஏலாது என்று அவரைத் திரும்ப வாங்கில் இருத்தினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களோ காசைக் கட்டிவிட்டு, கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் போல வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது மெலனி. பதினொரு மணிக்கு அதிக நேரம் இல்லை.

குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்டார்கள்.

நிரந்தர வேலை ஒருதரம் கண்முன்னே வந்து போனது.

குற்றவாளி என்றாள்.

சொன்ன பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. றஹ்மானின் முகத்தைப் பார்க்காமல் போய்விட நினைத்தாள். ஆனால் காசு கட்டும் இடத்துக்கு அந்த வாங்கைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். இவ்வளவு அவசரமாக அங்கே என்னத்தை வாசிக்கப் போகிறாள் என்று மட்டும் கேட்டார்.

மெலனி, சொந்த அண்ணனிடம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்ச வாற ஆக்களில முக்காவாசிப் பேர் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொள்ளினம், நானா. அதால இஞ்ச ஆரையும் பிழையாப் பிடிக்கிறேல்ல எண்டு."

றஹ்மான் தாடியைத் தடவினார்.

"அப்ப நானும் அந்தக் கணக்குக்குள்ள வருவனா, புள்ள?"

"இல்ல நானா. நான்தான் வருவன்."