ஜெய்புன்னிசாவின் முட்டி வலி

"முட்டி வலிக்கறவ எதுக்குடி மலையேற வந்தே? பேசாம வேன்லயே உக்காந்திருக்கலாமில்ல?"

வெள்ளையம்மாள் போட்ட சத்தத்தில் முன்னால் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெய்புன்னிசா மறுபடியும் ஒரு பாறை பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"சித்த நேரமுங்க்கா. தேய்ச்சு உட்டாச் சரியாப் போயிரும்."

"இவளைக் கட்டிக்கப் போறவன் தோள்ல தூக்கிட்டுத்தான் சுத்தோணும்!" என்றாள் காளியாத்தாள். மழையையும் மீறி அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜெய்புன்னிசாவும் சேர்ந்து சிரித்தாள். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாம்?

எல்லாரும் நல்லூரில் ஒரே பனியன் கம்பெனி. பெரிய ஆர்டர் ஒன்று நல்லபடியாகக் கப்பலேறிய சந்தோஷத்தில் முதலாளி வேன் பிடித்துக் கொடுத்து, "திருமூர்த்தி மலைக்குப் போயி அருவியில குளிச்சுட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தார். அடிவாரத்தில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அதற்கெல்லாம் அசருகிற கூட்டமா அது? பேக்கிங் பாலித்தீன் கவரை ஆளுக்கொன்றாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சூப்பர்வைசர் லிங்கசாமி மட்டும் அடிவாரத்துக் கோயில் வாசலிலேயே கறாராகச் சொன்னார்.

"கால் வலின்னா உக்காந்து எந்திரிச்சு வந்தரலாம். ஆனா மூச்சு எளைக்கறவங்க தயவுபண்ணி இங்கயே இருந்துக்கோங்க. நடுவழியில யாருக்காச்சும் எளைக்குதுன்னு தெரிஞ்சுது, ஆள் போட்டுக் கீழ அனுப்பிப்போடுவேன். போன வருசம் ஒருத்தரைத் தூக்கிட்டு எறங்கினதே போதுமுங்க."

வெள்ளையம்மாள் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டாள். மழைக்காலம் வந்தால் அவளுக்கு இளைப்பு. செக்கிங் டேபிளில் வருஷக்கணக்காகப் பனியன் தூசிக்குள் உட்கார்ந்து சம்பாதித்தது. கம்பெனியில் ஒருத்தருக்கும் தெரியாது என்று அவளுக்கு நினைப்பு.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த அருவியைப் பார்க்க அவளுக்குக் கொள்ளை ஆசை. குடும்பத்தோடு வரும்போதெல்லாம் வீட்டுக்காரர், "உனக்கெதுக்குப் புள்ள மலை?" என்று கோயிலிலேயே உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார். பைகளுக்குக் காவல் காத்ததுதான் மிச்சம். இன்றைக்கு எப்படியாவது ஏறிவிடுவது என்று வைராக்கியமாக வந்திருந்தாள்.

வைராக்கியம் இருந்து என்ன? முதல் வளைவு தாண்டியதுமே நெஞ்சு அடைத்தது. இனி ஓர் அடி எடுத்து வைக்க முடியாது என்கிற நேரத்தில்தான், "அய்யோ, என்ற முட்டி!" என்று ஜெய்புன்னிசா உட்கார்ந்தாள்.

அப்பாடா!

"வயசுப் புள்ளைய மழைக்குள்ள தனியா உட்டுட்டு எப்படிப் போறது?" என்று வெள்ளையம்மாளும் பெருந்தன்மையாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மூச்சு திரும்பியதும் முதல் வேலையாக அவளைத் திட்டினாள். திட்டாமல் இருந்தால் மற்றவர்கள் தன்னைச் சந்தேகப்படுவார்களே!

இப்படியே உட்கார்ந்து, திட்டி, எழுந்து, ஏறினார்கள். மழை வலுத்தது.

"சீக்கிரம் வாங்க! தண்ணி பெருகிப் போச்சுன்னா பக்கத்துலயே உட மாட்டாங்க!" என்று மேலே இருந்து லிங்கசாமி கத்தினார்.

கடைசி ஏற்றம். மரங்களுக்கு நடுவே வெள்ளையாக அருவி தெரிந்தது. வெள்ளையம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூடவே மூச்சும் முட்டியது.

"அய்யோ, என்ற முட்டி!"

ஜெய்புன்னிசா உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். பக்கத்தில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்த வெள்ளையம்மாளின் கண் சட்டென்று சுருங்கியது. ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் பனியனைத் தூக்கி வீசுகிற கண் அது.

"அடி கள்ளி! முன்னெல்லாம் சோத்துக்கைப் பக்கத்து முட்டியைத் தேய்ச்சே. இப்ப பீச்சாங்கைப் பக்கத்தைத் தேய்க்கிறே!"

ஜெய்புன்னிசாவின் கை அப்படியே நின்றது.

"உனக்கு வலியுமில்ல, ஒண்ணுமில்ல! சொகுசு! எங்களை எல்லாம் மழையில காக்க வெச்சு வேடிக்கை காட்டறயா?"

தன் இளைப்பு அந்த நிமிஷம் அவளுக்கு மறந்தே போய்விட்டது. குறை கண்ணில் பட்டால் வாய் சும்மா இருக்காது. டேபிளில் பழகிய வாயாச்சே!

"ஏனுங்க லிங்கசாமி! இங்க வந்து பாருங்க, டேமேஜ்! கையும் களவுமா..."

ஜெய்புன்னிசா எட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

"மொல்லமாப் பேசுங்க்கா! அவரு வந்து, வலியில்லாம எதுக்கும்மா உக்காந்தேன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

வெள்ளையம்மாள் முழித்தாள்.

"தெனமும் ஒரே டேபிள்ல உங்க பக்கத்துலதானுங்க உக்காந்திருக்கறேன். உங்க மூச்சுச் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? நீங்களா உக்காந்தா உங்களைக் கீழ அனுப்பிப்போடுவாரு."

அவள் கையை எடுத்தாள். வெள்ளையம்மாள் தானாகவே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மேலே இருந்து லிங்கசாமி இறங்கி வருவது தெரிந்தது. ஜெய்புன்னிசா அவசரமாக இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு கேட்டாள்:

"வெரசாச் சொல்லுங்க்கா, எந்த முட்டியத் தேய்க்கட்டும்?"